களரிப் படங்களைச் செயலியில் ஏற்றுவதும் உறவுக்காரர்களுக்குக் கொடுப்பதும்: ஆலோசனை தேவை

திருநகர்வாசி
ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குலதெய்வக் கோயில் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறது. மாசிச் சிவராத்திரியில் நடக்கும் களரி என்ற குலதெய்வத் திருவிழாவுக்கு 140 தலைக்கட்டுப் (குடும்பப்) பங்காளிகளும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாலும் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தாலும், அந்த ஓர் இரவுக்காவது வந்து சேர்ந்துவிடுவார்கள். இந்த ஆண்டு ஆறு கைப்பேசிகளில் சுமார் 3,400 படங்கள் எடுத்தோம். இத்தனையையும் வாட்ஸ்அப் குழுவில் போட முடியாது என்பதால், என் மகன் ஒரு படச் செயலியில் பகிர்ந்த ஆல்பம் தொடங்கி, ஆறு பேரையும் அதில் சேர்த்து, அவரவர் எடுத்ததை அவரவரே ஏற்றும்படி செய்தான். ஆல்பத்தின் இணைப்பைப் பங்காளிகள் குழுவில் போட்டோம். வர முடியாமல் போன ஒன்றிரண்டு பேரும் அன்றைக்கே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் பெரியப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சாமிப் பெட்டி (சாமிக்கு உரிய பொருள்கள் இருக்கும் பெட்டி) தூக்கி வந்தவர். ஆனி மாதக் கடைசியில் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு, அவர் கடைசியாகப் பெட்டி தூக்கி வந்த படத்தை வைக்கலாம் என்று ஆல்பத்தைத் திறந்தால், அந்த விடியற்காலைப் படங்களில் ஒன்றுகூட இல்லை. விசாரித்ததில், அவற்றை எடுத்த திருப்பூர்த் தம்பி, கைப்பேசியில் இடம் போதவில்லை என்று ஆனி முதல் வாரத்தில் தன் படங்களை அழித்திருக்கிறார். ஆல்பத்தில் ஏற்றியாகிவிட்டது, இனி அங்கே இருக்கும் என்று நம்பித்தான் அழித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காரியத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்றைப் பெரிதாக்கி வைத்தோம். முகம் தெளிவாக விழவில்லை. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அழிந்த படங்களை மீட்க வழி உண்டா? அடுத்த மாசிக்கு இதை எப்படிச் செய்தால் இப்படி நடக்காது?

---

மேலூர் நூலகர்
ஞாயிறு, இரவு 9.31

ஐயா, மற்றதையெல்லாம் நாளை பேசிக்கொள்ளலாம். இப்போதே உங்கள் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, அந்தச் செயலியின் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான படச் செயலிகள் அழித்ததை உடனே ஒழித்துவிடுவதில்லை, சில நாள்கள் ஒதுக்கி வைத்திருந்துவிட்டுத்தான் நீக்குகின்றன. கூகுள் போட்டோஸில் இணையத்தில் ஏறிய படத்துக்கு 60 நாள் தவணை, ஏறாத படத்துக்கு 30 நாள். ஆப்பிள் கைப்பேசியில் 30 நாள். ஆனி முதல் வாரத்திலிருந்து எண்ணினால் உங்களுக்கு இன்னும் சில நாள்கள் மிச்சம் இருக்கக்கூடும். மீட்கும்வரை அந்தக் கைப்பேசியிலிருந்து வேறு எதையும் அழிக்க வேண்டாம், குப்பைத் தொட்டியைக் காலி செய்யும் பொத்தானின் அருகிலும் போக வேண்டாம்.

---

கீழவாசல் ஸ்டூடியோ
ஞாயிறு, இரவு 10.15

முப்பது வருடமாகப் படம் போட்டுக் கொடுக்கிறவன் என்ற முறையில், முகம் ஏன் தெளியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். காரியத்துக்குப் படம் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத்தான் நீட்டுகிறார்கள். அதில் சாதாரணமாக அனுப்பும் படம், நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 1,600 புள்ளிகளாக (பிக்சல்) சுருங்கிவிடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அது ஐந்தே கால் அங்குலத்துக்குத்தான் வரும். கையில் வைத்துப் பார்க்கிற 4க்கு 6 படத்துக்கு அது போதும். நீங்கள் 12க்கு 18 போட்டிருப்பீர்கள், அதிலும் கூட்டத்துக்கு நடுவே நின்ற ஒருவரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்பீர்கள். அப்படி வெட்டிய பிறகு முகத்துக்கு என்று மிஞ்சுவது சில நூறு புள்ளிகள்தான். மூலப்படம் கிடைத்தால் வாட்ஸ்அப்பிலேயே அதை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது ஒரு புள்ளியும் குறையாமல் வந்து சேரும்.

---

திருநகர்வாசி
திங்கள், மாலை 6.40

நூலகர் அம்மாவுக்கு எங்கள் பங்காளிகள் எல்லோர் சார்பாகவும் நன்றி. நேற்று இரவே தம்பியை எழுப்பினேன். குப்பைத் தொட்டியில் 412 படங்கள் இருந்தன, இன்னும் ஒன்பது நாள் கழித்திருந்தால் போயிருக்கும். மீட்டவுடன் அவை பழைய ஆல்பத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டன. பெரியப்பா பெட்டியோடு ஓடையைத் தாண்டி வருகிற படமும் அவற்றில் இருக்கிறது.

ஆனால் இன்னும் 38 படங்கள் வரவில்லை. அவை பெட்டியை இறக்கி வைத்துத் திருநீறு கொடுத்த நேரத்தில் எடுத்தவை. அவற்றையும் ஏற்றியதாகத்தான் தம்பி சொல்கிறார். அது ஏன் என்று புரியவில்லை.

---

மேலூர் நூலகர்
திங்கள், இரவு 8.55

412 படங்கள் திரும்பியது பெரிய ஆறுதல், ஐயா. அந்த 38 படங்கள் இணையத்தில் ஏறவே இல்லை என்று தோன்றுகிறது. பல செயலிகள் கைப்பேசியின் சொந்த டேட்டாவைச் செலவழிக்காமல், வைஃபை கிடைத்தால்தான் ஏற்றுவது என்ற அமைப்போடுதான் வருகின்றன. உங்கள் ஊர் மந்தையில் வைஃபைக்கு எங்கே போவது? படம் வரிசையில் காத்திருக்கும், செயலியைத் திறந்தால் கைப்பேசியில் உள்ள படத்தையே காட்டும், பார்ப்பவருக்கு ஏறிவிட்டது போலத் தெரியும். அதனால்தான் காப்புப் பிரதி முடிந்துவிட்டது என்று செயலி சொல்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் நல்லது, வேறொருவருடைய கைப்பேசியில் அதே படத்தைத் திறந்து பார்ப்பது. அங்கே தெரிந்தால் ஏறிவிட்டது என்று பொருள்.

இதில் அடிப்படையாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். செயலி ஒரே திரையில் காட்டுவதால், பார்ப்பது, சேமிப்பது, பகிர்வது ஆகிய மூன்றும் ஒரே காரியம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் பகிர்ந்த ஆல்பம் என்பது வெறும் சன்னல். படம் எடுத்தவருடைய கணக்கில்தான் இருக்கிறது, மற்றவர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். அவர் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் சன்னலில் எல்லோருக்கும் இருட்டுதான். யாராவது அதைத் தம் கணக்கில் தனியே சேமித்திருந்தால் அந்தப் பிரதி மட்டும் பிழைக்கும். கைப்பேசியில் இடம் வேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஏற்கெனவே இணையத்தில் ஏறிய படங்களைக் கைப்பேசியிலிருந்து மட்டும் அது எடுத்துவிடும், இணையத்தில் உள்ளதைத் தொடாது. உங்கள் தம்பி அதைப் பயன்படுத்தாமல் நீக்கும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது இரண்டு இடத்திலும் நீக்கிவிடும். ஒரே கணக்கில் இணைந்த எல்லாக் கருவிகளிலும் நீக்கிவிடும்.

இடக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதில்தான் மின்னஞ்சலும் டிரைவும் படங்களும் அடங்க வேண்டும். ஒரு படம் சராசரியாக 4 எம்பி என்றால் உங்கள் 3,400 படங்களுக்கு 13 ஜிபிக்கு மேல் ஆகிவிடும், ஒரே கணக்கில் வைத்தால் ஒரு களரியிலேயே வீடு நிறைந்துவிடும். 2021 ஜூன் 1ஆம் தேதிக்கு முன்பு, சற்றே சுருக்கிய படங்களை அளவின்றி ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது, அது நின்றுவிட்டது. இப்போதும் சுருக்கி ஏற்றும் தெரிவு இருக்கிறது, 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டதை அந்த அளவுக்குக் குறைத்துவிடும். கைப்பேசிப் படத்துக்கு அது பெரிய குறையில்லை என்பது என் கருத்து.

அதற்காக எதையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்க முடியாது. ஒரு காலத்தில் எங்கள் நூலக நிகழ்ச்சிப் படங்களையெல்லாம் கூகுளின் பிக்காசா என்ற படச் சேவையில்தான் வைத்திருந்தோம். அது 2016இல் மூடப்பட்டது. ஃபிளிக்கர் என்ற படத் தளம் 2004இல் தொடங்கி, அடுத்த ஆண்டே யாஹூவின் கைக்குப் போய், 2013இல் எல்லோருக்கும் ஒரு டெராபைட் இலவசம் என்றது. 2018இல் ஸ்மக்மக் நிறுவனம் அதை வாங்கியதும் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் என்று எல்லை வகுத்தது. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, சேமிப்புக் கிடங்குக்குச் செலவு உண்டு. ஆனால் நம் வீட்டில் ஒரு வன்தட்டு இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, களரி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆறு பேர் படங்களையும் மூல அளவில் அதில் இறக்கிவிடுங்கள். செயலி பார்ப்பதற்கும் கொடுப்பதற்கும் இருக்கட்டும்.

---

அரசரடி ஒளிப்படக்காரன்
செவ்வாய், காலை 7.20

வன்தட்டு யோசனையை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் பங்காளிகளுக்குள்ளேயே பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி, மெழுகு ஏற்றிய காகித எதிர்ப்படிவங்களை (நெகட்டிவ்) சுமந்துகொண்டு வந்து நம் மதுரையைப் படம் எடுத்தார். பிற்பாடு நேப்பியர் பிரபு சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்த்தார்கள். பழுது பார்ப்பதற்கு முன் அது எப்படி இடிந்து கிடந்தது என்பதை இன்று நாம் வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்க்கிறோம் என்றால், அந்தப் படங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றை எல்லோருக்கும் திறந்துவிட்டதால்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலில் தீப்பிடித்து வீரவசந்தராயர் மண்டபம் சேதமடைந்தது. அதற்குப் பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி பக்தர்கள் கைப்பேசி கொண்டு போக முடியாது. அந்தத் தடை சரியென்றே நினைக்கிறேன், அதைப் பேச வரவில்லை. ஆனால் அந்த மண்டபத்தின் தூண்கள் தீக்கு முன்னால் எப்படி இருந்தன என்று காட்ட வேண்டுமென்றால், அதற்கு முன்பு யாரோ சாதாரணமாக எடுத்து ஃபிளிக்கரிலும் விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்திலும் ஏற்றிய படங்கள்தான் நமக்குத் துணை. தங்கள் கைப்பேசியிலேயே வைத்திருந்தவர்களுடைய படங்கள் கைப்பேசியோடு போய்விட்டன.

உங்கள் கோயிலில் மண் குதிரைகள் இருக்குமானால், வேல்கம்புகள் நட்ட பீடம் இருக்குமானால், அடுத்த திருப்பணியில் அவற்றுக்கு எனாமல் பூசிவிடுவார்கள், அல்லது சிமெண்டில் புதிதாகச் செய்துவிடுவார்கள். இப்போதுள்ள தோற்றத்தை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டுக்கு அதற்கென்றே செயலி இருக்கிறது, கைப்பேசியிலிருந்தே இடத்தின் பெயர், விளக்கம், உரிமம் எல்லாம் சேர்த்து ஏற்றலாம். எடுத்தவர் தாமே ஏற்ற வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

---

திருமங்கலத்து மகள்
செவ்வாய், பிற்பகல் 1.05

அண்ணன் சொல்வது கட்டடத்துக்குப் பொருந்தும். மனிதர்களுக்குப் பொருந்தாது என்று என் அனுபவத்தைக் கொண்டு சொல்கிறேன்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் ஊர் முளைப்பாரி ஊர்வலத்தை ஒருவர் படம் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றினார். கெட்ட எண்ணம் கிடையாது, ஊர்ப் பெருமைக்காகத்தான். ஆறேழு மாதம் கழித்து, தலையில் பாரியோடு நான் நிற்கிற படம் வேறோர் ஊரில் ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரத் தட்டியில் நின்றது. பேருந்தில் போன என் மாமா பார்த்துவிட்டு வீட்டில் வந்து கேட்டார். நான் ஒரு தவறும் செய்யாமலே என் அப்பாவுக்கு முன் தலைகுனிந்து நின்றேன். கடைக்காரர் தட்டியைக் கழற்றிவிட்டார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் அடுத்த ஆண்டு நான் பாரி எடுக்கவில்லை, எடுக்க விடவில்லை. ஒரு பெண் விரதம் இருந்து பன்னிரண்டு நாள் வளர்த்த பாரியை எடுக்க முடியாமல் போவது சிறிய விஷயமில்லை.

சாமியாடுகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். அருள் வந்த நிலையில் தலைமுடி அவிழ்ந்து, தன்னினைவின்றி இருக்கிற ஒரு பெண்ணை, பத்துப் பங்காளிகள் பயபக்தியோடு பார்ப்பது வேறு. யாரென்றே தெரியாதவர்கள் வேடிக்கை பார்ப்பது வேறு. அந்தப் படத்தை ஏற்றும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், குறைந்தது மறுநாள் தெளிந்த பிறகாவது.

---

அரசரடி ஒளிப்படக்காரன்
செவ்வாய், இரவு 9.50

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் எழுதியதில் இந்த வேறுபாட்டை வைக்காமல் விட்டது என் பிழை. காமன்ஸில் கொடுக்கும் உரிமம், எடுத்தவர் பெயரைச் சொல்லி யாரும் எதற்கும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம் என்கிறது. ஒரு தடவை கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெறவும் முடியாது. படத்தில் இருப்பவருடைய சம்மதத்தை அந்த உரிமம் தருவதில்லை. ஆகவே, முகம் அடையாளம் தெரிகிற எந்தப் படத்தையும் பொதுவில் ஏற்றக் கூடாது என்ற உங்கள் கருத்தை ஏற்கிறேன். மண் குதிரையும் பீடமும் கல்வெட்டும் ஆலமரமும் பொதுவில் போகட்டும் என்ற என் கருத்து மட்டும் அப்படியே நிற்கிறது.

---

மேலூர் நூலகர்
புதன், மாலை 5.30

பொதுவில் ஏற்றாவிட்டாலும் இணைப்பு வழியாகப் படம் வெளியே போகும் என்பதை இங்கே சேர்க்க வேண்டும். ஐயா, உங்கள் ஆல்பத்தின் இணைப்பைக் குழுவில் போட்டதாக எழுதினீர்கள். இணைப்பு என்பது பெயர் எழுதாத அழைப்பிதழ். யார் கையில் கிடைத்தாலும் பந்தலுக்குள் வரலாம், கடவுச்சொல் கேட்க மாட்டார்கள். 140 தலைக்கட்டில் ஒருவர் அதைத் தம் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினால் போதும். ஆல்பத்தின் அமைப்புக்குள் சென்று இணைப்புப் பகிர்வை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலைக் கொண்டு ஆளைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் சிலரைச் சேர்க்கச் சற்றுச் சிரமப்படத்தான் வேண்டும், வீட்டுக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்தால் அது குறையும்.

இன்னொன்று, இடக்குறி. கைப்பேசியின் கேமராவில் இருப்பிடம் பதியும் அமைப்பு திறந்திருந்தால், ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடுகிறது. கீழவாசல் ஐயா சொன்னபடி ஆவணமாக அனுப்பினால் புள்ளிகளோடு சேர்ந்து இடமும் போகும். ஸ்டூடியோவுக்கு அனுப்புவதில் கவலையில்லை. ஆனால் காட்டுக்குள் காவல் இல்லாத கோயில்களில் சிலை திருட்டு நடப்பதை நாம் அறிவோம். வெள்ளிக் கவசமும் வெண்கல மணியும் தெளிவாகத் தெரிகிற படத்தை, அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு, முகம் தெரியாதவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஆல்பத்தில் இருப்பிடத்தைக் காட்டாமல் மறைக்கும் அமைப்பு உண்டு. அதைவிட, கோயில் எல்லைக்குள் நுழையும்போதே கேமராவில் இருப்பிடத்தை அணைத்துவிடுவது எளிது.

---

திருநகர்வாசி
வியாழன், இரவு 9.15

எல்லோருடைய கருத்தையும் என் மகன் படித்துக் காட்ட, நேற்று ஊரில் நான்கு பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினோம். நூலகர் அம்மா வெள்ளிக் கவசம் என்று எழுதியதும் பூசாரி ஒன்று சொன்னார். பெட்டியைத் திறக்கும்போது வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரை போட்டுத்தான் திறப்பார்கள், அதை அந்தக் காலத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், இப்போது திரைக்கு மேலே கையைத் தூக்கிக் கைப்பேசியை நீட்டுகிறார்கள் என்றார். ஆல்பத்தில் அப்படி 11 படங்கள் இருந்தன. எடுத்தவர்களிடம் கேட்டே அவற்றை நீக்கினோம். அடுத்த மாசியிலிருந்து பெட்டி திறக்கும்போது கைப்பேசி வேண்டாம் என்று திருவிழா வரி வசூலிக்கும் நாளிலேயே சொல்லிவிடுவதாக முடிவாயிற்று.

இணைப்பை நிறுத்திவிட்டோம். இதுவரை 61 வீடுகளில் ஒவ்வொருவரைச் சேர்த்திருக்கிறோம். சாமியாடிகளின் படங்களைத் தனியே எடுத்து, அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும் அனுப்புகிறோம். அவர்களில் இருவர் பொது ஆல்பத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள், ஒருவர் அழித்துவிடச் சொன்னார், அழித்துவிட்டோம். மண் குதிரைகளைப் பகலில் போய்ப் புதிதாக எடுத்து ஏற்ற என் மகனுக்கு ஆசை. அரசரடித் தம்பி ஒரு நாள் உடன் வந்தால் நல்லது.

அந்த 38 படங்கள் கிடைக்கவில்லை. ஆனால் செயலியில் பெரியப்பாவின் முகத்தைத் தொட்டால் அவர் இருக்கிற படங்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வருகின்றன என்று மகன் காட்டினான். ஏழு ஆண்டுக் களரிகளில் அவர் பெட்டி தூக்கியது முழுவதும் கிடைத்தது. பெரியம்மாவிடம் பொத்தான் கைப்பேசிதான் இருக்கிறது, அவரால் ஆல்பத்தைத் திறக்க முடியாது. கீழவாசல் ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்தப் படங்களிலிருந்து ஒரு நாற்பதைத் தாளில் போட்டு, ஒரு சிறு புத்தகமாகக் கட்டித் தர முடியுமா? ஓடையைத் தாண்டுகிற படம் மட்டும் சுவரில் மாட்டும் அளவுக்கு வேண்டும்.

---

கீழவாசல் ஸ்டூடியோ
வெள்ளி, காலை 10.05

தாராளமாகச் செய்யலாம், ஐயா. செயலியின் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிடாதீர்கள், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் தரவிறக்கி, ஆவணமாக அனுப்புங்கள், அல்லது ஒரு பென் டிரைவில் போட்டு நேரே கடைக்குக் கொண்டு வாருங்கள். கோப்பின் பெயர் வாட்ஸ்அப் என்பதைக் குறிக்கும் எழுத்துகளோடு இருந்தால் அதைத் தனியே வையுங்கள், அதற்கு மூலம் வேறு யாரிடமாவது இருக்கும். புத்தகத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் ஆண்டைப் போடலாம், ஏழு மாசியும் வரிசையாக வரும். பெரியம்மாவுக்குக் கண் எப்படி என்று சொல்லுங்கள். எழுத்தின் அளவை அதற்குத் தகுந்தாற்போல வைக்கிறேன்.

ஓடைப் படத்தை நேற்று உங்கள் மகன் எனக்கு அனுப்பியிருந்தார். 12 மெகாபிக்சல் முழுதாக இருக்கிறது, விடியல் வெளிச்சம் இடப்பக்கம் விழுகிறது. 12க்கு 18 போட்டுப் பார்த்தேன், நெற்றித் திருநீறுகூடத் தெரிகிறது.